முப்பத்தொரு வருஷம் சரோஜா

இந்த நாற்காலிக்கு யாரும் இல்லையே? அப்பாடா. கொஞ்சம் தள்ளிக்கோ ரம்யா, என் பையையும் வெச்சுக்கறேன். பேர் எப்படித் தெரியும்னு முழிக்காதே. மடியில இருக்கற ஃபைல் மேல இவ்வளவு பெருசா எழுதி ஒட்டி வெச்சிருக்கே, கண்ணாடி போடாமலே படிச்சுட்டேன். டோக்கன் என்ன நம்பர்? தொண்ணூத்தி ரெண்டா? எனக்குத் தொண்ணூத்தி ஏழு. போர்டுல அறுபத்தி மூணுதான் ஓடுது. என்னமோ சொல்ல வந்தியே? சரி, அப்புறம் சொல்லு. முதல்ல இந்தக் கடலை மிட்டாயை வாயில போடு, செக்யூரிட்டி இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போறியா? ஜெர்மனியா! நல்லா இரு. நான் லண்டன். சிரிக்காதேம்மா, நிஜமாத்தான். ஐம்பத்தி நாலு வயசுல முதல் பாஸ்போர்ட் எடுக்க வந்திருக்கேன். எங்க வீட்டுக்காரர் மூணு நாளா வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் "இவ லண்டன் போறா, எனக்கு யார் ரசம் வெப்பா"னு கேட்டுட்டே இருக்கார். கொருக்குப்பேட்டை முழுக்கத் தெரிஞ்சு போச்சு. பெருமைதான். பெருமையை அவர் அப்படித்தான் சொல்லுவார்.

ஆபீஸ்ல அனுப்பறாங்க. எந்த ஆபீஸா? மூச்சைப் பிடிச்சுக்கோ. ஹாலிங்வர்த் பைக் சேஷாத்ரி! பதினோரு நாட்டுல இருக்கற வக்கீல் கம்பெனி. போன் அடிச்சா இதை முழுசாச் சொல்லிட்டுத்தான் வணக்கம் சொல்லணும். முதல் ரெண்டு பேரும் லண்டன்காரங்க, செத்து நூறு வருஷம் ஆச்சு. மூணாவது எங்க சாரோட அப்பா. போன அக்டோபர் வரைக்கும் நாங்க வெறும் சேஷாத்ரி அசோசியேட்ஸ். தம்புச் செட்டித் தெருவுல ரெண்டாவது மாடி, கீழே ஜெராக்ஸ் கடை, லிஃப்ட்ல நாலு பேர் ஏறினா மூணு பேர் இறங்கித் தள்ளணும். அங்க நான் ஸ்டெனோ. சார் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்துல எழுதி டைப் அடிச்சுக் குடுக்கற வேலை. முப்பத்தொரு வருஷமா.

அந்த லண்டன் கம்பெனியும் நாங்களும் ஒண்ணாச் சேர்ந்தோம்ல, அதை நான்தான் தடுக்கப் பார்த்தேன்னு ஆபீஸ்ல ஜூனியர் பசங்க கிண்டல் பண்றாங்க. நானா? நீயே கேட்டுட்டுச் சொல்லு ரம்யா. வெளியாள், ஜெர்மனி போற பொண்ணு, உனக்கு என்ன பாரபட்சம்?

முதல்ல சார் யாருன்னு சொல்லிடறேன். ராமபத்ரன் சார். தங்கமான மனுஷன். நாப்பது வருஷத்துல கோர்ட்ல ஒரு வாய்தா கேட்டதில்லை. காய்ச்சல் வந்தாலும் கேட்க மாட்டார், மாமனார் போனப்போகூடக் கேட்கலை, காரியத்தை முடிச்சுட்டு நேரா கோர்ட்டுக்கு வந்து நின்னார். "வாய்தாங்கறது பிச்சை"ம்பார். அவர்கிட்ட நான் சேர்ந்தது தொண்ணூத்தி நாலு ஜூன்ல. அதுக்கு முந்தின வாரம்தான் அவரோட பழைய ஸ்டெனோ கல்யாணமாகி ஜாம்ஷெட்பூர் போனாங்க. அவங்க பேர் சரோஜா. நான் போய் உட்கார்றேன், சார் தலையைத் தூக்காமலே, "சரோஜா, எழுதிக்கோ"ன்னார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னாடி பீரோதான் இருந்தது. சரி, என்னைத்தான் சொல்றார்னு எழுதிக்கிட்டேன். பேரைத் திருத்தறதுக்கு ஒரு இடைவெளி வேணும்லமா? அவர் மூச்சு விடாம பதினெட்டுப் பக்கம் சொல்றார். முடிச்சதும் கோர்ட்டுக்குக் கிளம்பிட்டார். மறுநாளும் சரோஜா. முதல் நாளே சொல்லியிருந்தா ஒண்ணுமில்லை. ஒரு வாரம் கழிச்சுச் சொன்னா அவருக்குச் சங்கடம். ஒரு வருஷம் கழிச்சுச் சொன்னா எனக்குச் சங்கடம். அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சு, விட்டுட்டேன்.

என் கல்யாணத்துக்கு வந்தார், தெரியுமா? பத்திரிகையைக் கையில குடுத்தேன், பிரிக்காமலே "எங்கே, எத்தனை மணிக்கு?"னு கேட்டு டயரியில குறிச்சுக்கிட்டார். வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒண்ணு குடுத்தார், மேல "சரோஜாவுக்கு ஆசீர்வாதம்"னு சீட்டு. எங்க வீட்டுக்காரர் மணமேடையிலயே காதோரமா, "யார் இந்த சரோஜா?"ங்கறார். நான்தாங்க, ஆபீஸ்லன்னேன். அந்த மனுஷனுக்கு அன்னைக்கே என்னைப் பத்தி ஒரு பயம் வந்துடுச்சு, இன்னும் போகலை.

அப்புறம் பாரு, சார் கூப்பிடறதைப் பார்த்து ஜூனியர் வக்கீலுங்க எல்லாம் "சரோஜா மேடம்". என் பேர் தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா ஜட்ஜ் ஆகிப் போயிட்டாங்க, ரிடையர் ஆகிப் போயிட்டாங்க. குமாஸ்தா கோதண்டம் அண்ணன் ஒருத்தருக்குத்தான் தெரியும். அவர் பாக்குப் போட்டிருப்பார், வாயே திறக்க மாட்டார். சம்பளப் பதிவேட்டுல இருக்குமேன்னு கேட்பே. என் பேர் அதுல கிடையாது. மத்தவங்களுக்கெல்லாம் ஆபீஸ் சம்பளம். எனக்கு மட்டும் ஒண்ணாம் தேதி சார் தன் கையால கவர் குடுப்பார். கவர் மேலயும் சரோஜாதான்.

எழுபத்தி ஒண்ணு. போர்டு மெதுவாத்தான் போகுது.

லண்டன்காரங்க ஒரு வருஷமா அளந்து பார்த்தாங்க எங்களை. என்ன கேஸ், யார் கட்சிக்காரர், எந்த பீரோவுல எது இருக்குன்னு. கடைசியா ஒப்பந்தம் தயாராச்சு. நூத்தி நாப்பது பக்கம், மூணு அசல் பிரதி. லண்டன்ல இருக்கற எட்டுப் பெரிய வக்கீலுங்களும் மசியால கையெழுத்துப் போட்டு கூரியர்ல அனுப்பிட்டாங்க. இங்க சார் போட்டா முடிஞ்சுது. எந்தத் தேதின்னு லண்டன்ல கேட்டாங்க. அவங்களுக்கு அக்டோபர் ஒண்ணு சௌகரியம். சார் ஐகோர்ட் காலண்டரைப் பார்த்தார். அன்னைக்குச் சிவப்பு மையில விடுமுறை. "நான் ஃப்ரீ"ன்னுட்டார்.

புரிஞ்சுதா? கோர்ட் வக்கீலுக்குச் சிவப்பு நாள்னா சும்மா இருக்கற நாள். அது ஏன் சிவப்புன்னு அவர் பார்க்கவே இல்லை. அன்னைக்கு சரஸ்வதி பூஜை!

ஒப்பந்தத்தோட கடைசியில ஒரு பட்டியல். இங்கேருந்து புதுக் கம்பெனிக்கு யாரெல்லாம் வேலைக்கு வர்றாங்கன்னு. அதுல பேர் இருந்தா வேலை, இல்லைன்னா இல்லை, கையெழுத்தானதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்குப் புதுசா யாரையும் சேர்க்கக் கூடாதுன்னு நிபந்தனை. சம்பளப் பதிவேட்டைப் பார்த்து ஆடிட்டர் இருபத்தி ஆறு பேர் அடிச்சிருந்தார். அதுக்குக் கீழே சாரே கையால எழுதிக் குடுத்து அதையும் அடிச்சுச் சேர்த்திருந்தாங்க: "சரோஜா, ஸ்டெனோ".

இது எனக்கு எப்படித் தெரியும்னு கேட்காதே. நான் அதைப் படிக்கலை. முந்தின நாள் சாயங்காலம் பக்கம் சரியா இருக்கான்னு எண்ணினேன், அவ்வளவுதான். எண்ணும்போது நூத்தி முப்பத்தெட்டாம் பக்கத்துல, கடைசி வரி தானா கண்ணுல பட்டுது.

பயந்துட்டேன் ரம்யா. பொய் சொல்லக் கூடாது. வேலைக்கு எடுத்துக்கிட்டது ஜாம்ஷெட்பூர்ல பேரன் பேத்தியோட இருக்கற சரோஜாவை. நான் எங்கே? நாளைக்கு ஆதார் கார்டைக் கேட்டா எதை நீட்டறது? இந்த வயசுல வேற ஆபீஸ் போய் யார் சுருக்கெழுத்து எழுதச் சொல்லப் போறாங்க? சார்கிட்ட போய்ச் சொல்லிடலாம்னு கதவு வரைக்கும் போனேன். "என்ன சரோஜா, ஆச்சா?"ன்னார், அவ்வளவு பிரியமா. "ஆச்சு சார்"னு திரும்பி வந்துட்டேன்.

அவரைத் தப்பா நினைக்காதே. அவர் எனக்காகத்தானே தனியாக் கையால எழுதினார்? எழுதின பேர் வேற, அவ்வளவுதான். மனசுல என்னைத்தானே நினைச்சிருப்பார்.

சரி, பூஜைக்கு வரேன். எங்க ஆபீஸ்ல சரஸ்வதி பூஜைன்னா அப்படி ஒரு கட்டுப்பாடு. காலைல சட்டப் புஸ்தகம், பேனா, ஆபீஸ் முத்திரை, கம்ப்யூட்டர், அந்தக் காலத்து டைப்ரைட்டர் எல்லாத்தையும் அடுக்கி, வெள்ளைத் துணி போர்த்தி, மேல அம்பாள் படம். கற்பூரம் காட்டினா முடிஞ்சுது, மறுநாள் விஜயதசமி காலைல மறுபடி பூஜை பண்ணி எடுக்கற வரைக்கும் ஒரு எழுத்துப் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. சாரோட அப்பா ஒரு வருஷம் அவசரம்னு ஒரு கையெழுத்துப் போட்டு, மறுநாள் தொண்டை கட்டி நாப்பது நாள் பேச்சு வரலையாம். வக்கீலுக்குத் தொண்டை போனா என்ன இருக்கு? அதுலருந்து யாருக்கும் தைரியம் வரலை.

வருஷா வருஷம் சார் எனக்குச் சொல்றது ஒரே வாக்கியம். "மேஜை மேல இருக்கறது எல்லாம் பூஜைக்கு." இந்த வருஷமும் அதான் சொன்னார். நான் காலைல ஆறு மணிக்குப் போனேன். மேஜை மேல என்ன இருந்தது? ஒப்பந்தம் இருந்தது. மூணு பிரதியும் வெச்சேன்.

லாக்கர்லதானே இருந்திருக்கணும்னு ஜூனியர் பசங்க கேட்கறாங்க. லாக்கர்லதான் இருந்தது, பூஜையில வெக்காத காகிதத்துல கையெழுத்துப் போட்டா தோஷமில்லைன்னு சாரோட கணக்கு. நான்தான் எடுத்து மேஜை மேல வெச்சேன். தூசி தட்ட. தூசி தட்டக் கூடாதா? வேணும்னே பண்ணலை, அம்பாள் சத்தியமா. கை தானாப் போச்சு. எல்லாத்துக்கும் அடியில வெச்சேன், ஏன்னா அது அகலமா இருந்தது. அதுக்கு மேல பதினாலு சட்டப் புஸ்தகம், அதுக்கு மேல ஒன்பது லேப்டாப், டைப்ரைட்டர், பூசணிக்காய், அம்பாள்.

எட்டரைக்கு சார் வந்தார். கண்ணை மூடிக் கற்பூரம் காட்டினார். சுண்டல் சாப்பிட்டார். பதினோரு மணிக்கு லண்டன்லருந்து வந்திருந்த அம்மா வந்தாங்க. ஐல்சா மேடம். ஒப்பந்தம் பூரா அவங்க பொறுப்புலதான். ஸ்காட்லாந்துல ஒரு தீவு அவங்க ஊர். அவங்க இங்கிலீஷ் ஒருத்தருக்கும் புரியலை, ஆனா எனக்குப் பிரச்சினையே இல்லை. சுருக்கெழுத்துல நாங்க காதுக்குக் கேட்ட சத்தத்தை அப்படியே எழுதுவோம். எழுதிட்டு மனசுக்குள்ள படிச்சா அர்த்தம் வந்துடும். அன்னைக்குத்தான் எழுதக் கூடாதே, விரலால புடவை மேலயே எழுதிப் பார்த்துக்கிட்டேன்.

ரெண்டு மணிக்குப் பெரிய டிவியில லண்டன் வந்தாச்சு. எட்டுப் பேரும் கோட்டு டையோட மேஜை சுத்தி உட்கார்ந்திருக்காங்க. சார் எழுந்து ஒரு சின்னப் பிரசங்கம் பண்ணிட்டு, "சரோஜா, டாக்குமெண்ட்"னு கையை நீட்டினார்.

நான் அம்பாளைக் காட்டினேன்.

சார் புரியாம மறுபடி கையை நீட்டினார். நான் மறுபடி காட்டினேன். கோதண்டம் அண்ணன் பாக்கை முழுங்கிட்டார். சார் முகம் மெதுவா மாறிச்சு பாரு, கோர்ட்ல சாட்சி பல்டி அடிக்கும்போதுகூட அப்படி மாறி நான் பார்த்ததில்லை. "உள்ளேயா?"ன்னார். "மேஜை மேல இருந்தது சார்"னேன்.

லண்டன்ல ஒரு வழுக்கைத் தலைக்காரர், என்ன தாமதம்னு கேட்டார். சார் விளக்கினார். கல்வித் தெய்வம், இன்னைக்கு ஓய்வு, காகிதம் அவங்க பொறுப்புல இருக்குன்னு. வழுக்கைத் தலை, படத்தை ஓரமா நகர்த்தினா ஆகாதான்னார். இருபத்தி ஏழு பேரும் ஒரே நேரத்துல மூச்சை இழுத்தோம், லண்டன் வரைக்கும் கேட்டிருக்கும். இன்னொருத்தர், ஒப்பந்த நகல்ல எந்த ஷரத்துப்படி தள்ளி வெக்கறதுன்னு பக்கம் புரட்டறார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பயத்துல வர்ற சிரிப்பு வேறம்மா, அது நிக்கவே நிக்காது. முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு நிக்கறேன்.

அப்போ ஐல்சா மேடம் என்ன பண்ணாங்க தெரியுமா? செருப்பைக் கழட்டினாங்க. அந்த அடுக்கு முன்னாடி ஜமக்காளத்துல உட்கார்ந்தாங்க. பூசணிக்காயைப் பார்த்தாங்க, டைப்ரைட்டர் நெத்தியில இருந்த குங்குமத்தைப் பார்த்தாங்க. அப்புறம் டிவியைத் திரும்பிப் பார்த்து, "எங்க தீவுல ஞாயித்துக்கிழமை சின்னப் பசங்க ஊஞ்சலைக்கூடச் சங்கிலி போட்டுப் பூட்டுவாங்க. யாரும் காரணம் கேட்க மாட்டோம். இன்னைக்கு இங்க ஞாயித்துக்கிழமை"ன்னாங்க.

சார் டிவி பக்கம் திரும்பி நின்னார். "மை லார்ட்ஸ்"னு ஆரம்பிச்சுட்டார், பழக்கதோஷம். "நாளைக்கு வரைக்கும் அவகாசம் வேணும்." நாப்பது வருஷத்துல முதல் வாய்தா! அந்த வழுக்கைத் தலை சிரிச்சுட்டு, மேஜையை ரெண்டு தட்டுத் தட்டி, குடுத்தோம்னார். நாங்க கை தட்டினோம். ஜூனியர் பசங்க விசில் அடிச்சாங்க. சார்கூடச் சிரிச்சார்.

எழுபத்தி ஒன்பது. ஏய், ஜெர்மனியில இப்போ குளிரா? ஸ்வெட்டர் வாங்கிட்டியா? என்ன, வேற ஏதோ சொல்லணுமா? இரு இரு, முக்கியமான கட்டத்துக்கு வந்துட்டேன்.

மேடத்துக்கு வேலை இல்லாமப் போச்சா, பொழுது போகலை. எல்லாருக்கும் புதுக் கம்பெனிப் பை கொண்டு வந்திருந்தாங்க. ஒவ்வொரு பையிலயும் பேர் அச்சடிச்சு, உள்ளே ஒரு கோப்பை, குடை, கழுத்துல மாட்டற அட்டை. கையெழுத்துதான் நாளைக்கு, பையை இன்னைக்கே குடுத்துடலாம்னாங்க. ஆனா அவங்க கம்பெனி விதி, பையைக் குடுக்கறதுக்கு முன்னாடி அடையாள அட்டையைப் பார்த்துப் பட்டியல்ல டிக் அடிக்கணும். டிக் அடிக்கறதும் எழுதறதுதான்னு ஜூனியர் பசங்க தடுத்துட்டாங்க. சரின்னு, பார்த்தவங்களுக்கெல்லாம் டிக்குக்குப் பதிலா ஒரு சுண்டல் கடலையை எண்ணித் தட்டுல போட்டாங்க.

"சரோஜா"ன்னாங்க. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. ஓடியிருக்கலாம். எங்கே ஓடறது, லிஃப்ட் வர்றதுக்கே பத்து நிமிஷம் ஆகும். போய் ஆதாரை நீட்டினேன். மேடம் அட்டையைப் பார்க்கறாங்க, பையைப் பார்க்கறாங்க, என்னைப் பார்க்கறாங்க. ஒவ்வொரு எழுத்தாப் படிச்சாங்க. "அங்... கயற்... கண்ணி?"

அங்கயற்கண்ணி. எங்கப்பா மதுரைக்காரர், ஆசையா வெச்ச பேர். அந்த ஆபீஸ் கூடத்துல அந்தப் பேரை யாரோ சத்தமாச் சொல்லி முப்பத்தொரு வருஷம் ஆச்சு. சொன்னது ஸ்காட்லாந்துக்காரி. எனக்குப் பொலபொலன்னு கண்ணுல தண்ணி.

சார் கையில சுண்டல் தொன்னையோட நிக்கறார். "யார் அது?"ன்னார். கோதண்டம் அண்ணன் முப்பத்தொரு வருஷத்துல முதல் தடவையா வாயைத் திறந்தார். "இவங்கதான் சார். சரோஜா ஜாம்ஷெட்பூர் போயிடுச்சு." அவ்வளவுதான் சொன்னார். மறுபடி மூடிக்கிட்டார்.

சார் தொன்னையைக் கீழே வெச்சார். "ஏன் சொல்லலை?"ன்னு என்னைக் கேட்டார். கோபமாக் கேட்டார்னு ஜூனியர் பசங்க சொல்றாங்க. கோபம் இல்லை, அதிர்ச்சி. "நீங்க எழுதிக்கோன்னீங்க சார், எழுதிக்கிட்டேன்"னேன். அவர், "பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும். 'சரோஜா என்கிற அங்கயற்கண்ணி'ன்னு ஒரு அபிடவிட் போட்டுடலாம்"னார். கிரிமினல் கேஸ்ல குற்றவாளிக்குத்தான் அப்படிப் போடுவோம்! நான் சிரிச்சுட்டேன். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார், வேலை சுலபமா முடியுமேன்னு. ஐல்சா மேடம்தான் ஒத்துக்கலை. அந்தப் பையைத் திரும்ப எடுத்துக்கிட்டு, பக்கத்தைத் திருத்தணும், திருத்தாம நாளைக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டோம்னுட்டாங்க. சரோஜாங்கற பேர் போட்ட கோப்பை மட்டும் என்கிட்டயே இருக்கட்டும்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். கோப்பை என்ன தப்பு பண்ணிச்சு?

மறுநாள் விஜயதசமி. ஏழரைக்குப் பூஜை முடிஞ்சு, அம்பாளை வணங்கி, ஒவ்வொண்ணா எடுத்தோம். அடியிலருந்து ஒப்பந்தம் வந்தது, மேல குங்குமம் கொட்டிச் சிவப்பா. டிவியில லண்டன்காரங்க, அங்க அப்போ விடிகாலை மூணு மணி, பாதிப் பேர் தூக்கக் கலக்கத்துல. சார் பூஜையில வெச்ச பேனாவை எடுத்தார். நூத்தி முப்பத்தெட்டாம் பக்கம். "சரோஜா"வை அடிச்சார். மேல எழுதணும். பேனாவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கார்.

அப்புறம் என்னைப் பார்த்தார். "சொல்லும்மா"ன்னார்.

நான் சொன்னேன். ஏ. என். ஜி. ஏ. ஒவ்வொரு எழுத்தாச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நடுவுல ஒரு இடத்துல "கொஞ்சம் மெதுவா"ன்னார். முப்பத்தொரு வருஷமா அவர் சொல்லி நான் எழுதினேன். அன்னைக்கு நான் சொல்லி அவர் எழுதினார். விஜயதசமியில முதல் எழுத்து என் பேர். ஐல்சா மேடம் பக்கத்துல சின்னதாக் கையெழுத்துப் போட்டாங்க. எனக்கு உடம்பெல்லாம் பறக்கற மாதிரி இருந்தது. கீழே ஜெராக்ஸ் கடைப் பையனுக்குக்கூடக் கேசரி குடுத்தேன்.

அப்புறம் லண்டன்ல ஒரு உத்தரவு. பதினோரு நாட்டு ஆபீஸுக்கும் எந்த நாள் யாருக்கு எழுதக் கூடாத நாள், எந்த நாள் யாருக்கு ஊஞ்சல் பூட்டற நாள்னு தெரிஞ்சு வெச்சுக்க ஒரு ஆள் வேணும், அவங்களைக் கேட்காம எந்தத் தேதியும் குறிக்கக் கூடாதுன்னு. ஐல்சா மேடம் என் பேரைச் சொல்லிட்டாங்க. அதுக்குத்தான் லண்டன், மூணு வாரம் பயிற்சி. இப்போ துபாய்ல பெருநாள் என்னைக்கு, சிங்கப்பூர்ல சீனப் புத்தாண்டு என்னைக்குன்னு எல்லாம் எனக்கு அத்துப்படி. சாரே தேதி குறிக்கறதுன்னா என்கிட்டதான் கேட்கணும்!

அவர்தான் பாவம். பேர் தெரிஞ்சதுலருந்து அவருக்குக் கூப்பிட வரலை. அங்கயற்கண்ணின்னு ஆரம்பிச்சுப் பாதியில நிறுத்திடுவார். இத்தனை வருஷமா நீ வா போன்னவர் இப்போ "இந்தாங்கம்மா, கொஞ்சம் வாங்க"ங்கறார். யாரோ ஊராருக்குச் சொல்ற மாதிரி. சில நாள் வேலை மும்முரத்துல மறந்துபோய், "சரோஜா, எழுதிக்கோ"ம்பார். அப்போ ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்துட்டு, நான் பாட்டுக்கு எழுதிக்குவேன். சொன்னா நம்ப மாட்டே, அது கேட்கறப்போ சந்தோஷமாத்தான் இருக்கு.

ஆனா ஒண்ணு ரம்யா. எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும், பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்க பேரை ஒரு தடவை கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டாமா? ஒரே ஒரு தடவை. அதுக்கு எவ்வளவு நேரம் ஆயிடப் போகுது?

என்ன அந்த செக்யூரிட்டி கத்தறார்? தொண்ணூத்தி ரெண்டு போர்டுல ரெண்டு தடவை வந்து போயிடுச்சாமா? ஐயோ, உன் நம்பர்தானே! என் வாய் இருக்கே. எழுந்திரு, எழுந்திரு. இரு, அவர் வேற யாரையோ கூப்பிடறார். இலக்கியாவாம். உன்னை இல்லை, உட்காரு ரம்யா.

ஏன் எழுந்திருக்கறே?

நீயா?

அப்போ ரம்யா யாரு? அக்காவா? அக்காவோட பழைய ஃபைலா?

அடிப்பாவி! ஒன்றரை மணி நேரமா ரம்யா ரம்யான்னு கூப்பிடறேன், ஒவ்வொரு தடவையும் "ம்"னு கேட்டுட்டே உட்கார்ந்திருந்தியே. ஏம்மா முதல்லயே சொல்லலை?

சொல்ல வந்தியா? எப்போ?

கடலை மிட்டாய் குடுத்தப்போவா...

சரி, ஓடு, ஓடு, அடுத்த நம்பரைக் கூப்பிட்டுடப் போறாங்க. ஃபைலை எடுத்துக்கோ. இலக்கியா! இங்க பாரு, இலக்கியா! கவுண்ட்டர்ல பேரை அடிப்பாங்க. ஸ்க்ரீனை எட்டிப் பாரு. தப்பா இருந்தா சங்கடப்படாதே, அப்பவே சொல்லிடு. கேட்டியா? அப்பவே!